சுவரில் பதித்த மீட்டர்: பாரிஸில் ஒரு நாள் நடை

‘100 சென்டிமீட்டர் = 1 மீட்டர்’ என்பதைத் தொடக்க வகுப்பிலேயே கற்பித்துவிடுகிறோம். மாணவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். அலகு மாற்றக் கணக்குகளில் பூஜ்ஜியத்தைச் சேர்க்கவும் நீக்கவும் பழகிவிடுகிறார்கள். ஆனால், ‘ஒரு மீட்டர் ஏன் சரியாக இவ்வளவு நீளம்? இதை யார் முடிவு செய்தார்கள்? அதற்கு முன்பு எப்படி அளந்தார்கள்?’ என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன சொல்வது? இதற்கான பதிலின் பெரும்பகுதியை ஒரே ஊரின் தெருக்களில் நடந்தபடியே பார்த்துவிடலாம். அந்த ஊர் பிரான்சின் தலைநகர் பாரிஸ்.

கல்விப் பயணம் ஒன்றில் அங்கே சென்றிருந்தபோது எங்கள் குழுவுக்கு ஒரு நாள் ஓய்வாகக் கிடைத்தது. பலரும் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நானும், தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரும் ஊரை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம். மீட்டரின் வரலாற்றோடு தொடர்புள்ள இடங்களை மட்டும் வரைபடத்தில் குறித்துக்கொண்டோம். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நடை. நடந்த வரிசையிலேயே, பார்த்தவற்றையும் அவற்றின் பின்னணியையும் எழுதுகிறேன். வகுப்பறைக்குப் பயன்படுபவை இடையிடையே வரும்.

அமைச்சகச் சுவரில் ஒரு பளிங்குப் பட்டை

முதல் இடம் வான்டோம் சதுக்கம். நகைக்கடைகளும் ஆடம்பர விடுதிகளும் சூழ்ந்த இடம். நடுவில் நெப்போலியன் சிலையைத் தாங்கிய உயரமான தூண். வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தூணைத்தான் படம் எடுக்கிறார்கள். நாங்கள் தேடிப் போனது 13ஆம் எண் கட்டடத்தை. அது நீதித்துறை அமைச்சகம். வாயிலுக்கு அருகே, சுவரோடு சுவராகக் கிடைமட்டமாக ஒரு பளிங்குப் பட்டை பதிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் மீட்டர். 1848ஆம் ஆண்டில் இந்தச் சுவருக்கு மாற்றப்பட்டது.

அளவுகோலுக்கு நீதித்துறைச் சுவரில் என்ன வேலை? பழைய பிரான்சைத் தெரிந்துகொண்டால் அந்தப் பொருத்தம் விளங்கும். 1789இல் புரட்சி வெடித்தபோது அந்த நாட்டில் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் அளவுகள் மாறின. ஏறக்குறைய 800 பெயர்களில் 2,50,000 வெவ்வேறு அளவுகள் புழக்கத்தில் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. ஒரே பெயர்கொண்ட தானிய மரக்கால் பக்கத்து ஊரில் வேறு கொள்ளளவு கொண்டிருக்கும். துணிக்கு ஒரு கோல், நிலத்துக்கு ஒரு கோல். பல இடங்களில் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிலப்பிரபுவின் கையில் இருந்தது. குடியானவர் கொடுக்க வேண்டிய தானியத்தை எந்த மரக்காலால் அளப்பது என்பதை அவரே முடிவு செய்வார். வாங்கும் மரக்கால் பெரிதாகிக்கொண்டே போனால் கேட்பதற்கு ஆளில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான அளவும் இல்லை.

1789இல் மக்களின் குறைகள் நாடு முழுவதும் எழுத்தில் திரட்டப்பட்டன. வரி, உப்பு, வேட்டை உரிமை ஆகியவற்றோடு ‘அளவுகள் ஒன்றாக வேண்டும்’ என்ற கோரிக்கையும் அவற்றில் மீண்டும் மீண்டும் வந்தது. மீட்டர் அறிவியலாளர்களின் ஆய்வறையில் உருவானது என்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டவர்களில் களத்துமேட்டில் ஏமாந்துபோன குடியானவர்களும் இருந்தார்கள். அலகு பாடத்தைத் தொடங்கும்போது இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே பாடத்தின் முகம் மாறிவிடும்.

காலடியில் ஒரு தீர்க்கக் கோடு

அங்கிருந்து பூங்கா வழியாக லூவர் அரண்மனைக்கு வந்தோம். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்க்க நீண்ட வரிசை நின்றது. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கல்பாவிய முற்றத்தில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வெண்கலத் தகடு ஒன்று கண்ணில் பட்டது. விட்டம் 12 செ.மீ.; நடுவில் ‘அராகோ’ என்ற பெயர்; மேலும் கீழும் வடக்கு, தெற்கைக் குறிக்கும் எழுத்துகள். 1994இல் இப்படி 135 தகடுகளை நகரின் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே நேர்கோட்டில் பதித்தார்கள். அந்தக் கோடுதான் பாரிஸ் தீர்க்கக் கோடு. சில தகடுகள் இப்போது காணாமல் போய்விட்டன. இருப்பவற்றைத் தேடி நடப்பதே நல்ல விளையாட்டு.

நாம் 0° என்று கற்பிக்கும் கிரீன்விச் கோடு 1884இல் வாஷிங்டன் மாநாட்டில்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் பிரெஞ்சு வரைபடங்களுக்கு 0° பாரிஸ் வழியாகச் சென்றது. அந்த வாக்கெடுப்பில் பிரான்ஸ் நடுநிலை வகித்தது. 1911இல்தான் தன் நேரத்தைக் கிரீன்விச்சோடு இணைத்துக்கொண்டது. நிலநடுக்கோட்டை இயற்கை தந்தது. 0° தீர்க்கக் கோட்டை மனிதர்கள் பேசி முடிவு செய்தார்கள். புவியியல் வகுப்பில் இந்த வேறுபாட்டை நாம் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தக் கோட்டின் மேல்தான் மீட்டர் அளக்கப்பட்டது. அதற்கு வழி வகுத்தவர்களின் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஊசலா, பூமியா?

பாதசாரிகளுக்கு மட்டுமான பாலத்தில் சீன் நதியைக் கடந்தால் எதிரே கவிகை மாடத்துடன் ஒரு பெரிய கட்டடம். அறிவியல் கழகம் உள்ளிட்ட பிரான்சின் முதன்மையான கழகங்கள் இங்கேதான் செயல்படுகின்றன. புரட்சிக் காலத்தில் அறிவியல் கழகம் லூவரில் கூடியது. போர்தா, கொந்தோர்சே, லக்ராஞ்ச், லப்லாஸ், மோன்ஜ் என்ற ஐவர் குழு 1791இல் நீளத்தின் அடிப்படை அலகைப் பரிந்துரைத்தது.

அவர்கள் முன் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஊசல். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அலகாகக் கொள்ளலாம். பாரிஸில் அந்த நீளம் ஏறக்குறைய 99.4 செ.மீ. எளிய வழிதான். ஆனால் புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. 1672இல் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ஜான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். ஊசலை ஏற்றால் ‘எந்த ஊர் ஊசல்?’ என்ற கேள்வி வரும்.

மற்றொன்று, பூமி. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தொலைவில் கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பூமி எந்த அரசருக்கும் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. குழு இதையே தேர்ந்தெடுத்தது. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என்று நாம் கற்பிக்கிறோமே, அது இவ்வளவு முழு எண்ணாக அமைந்தது தற்செயல் இல்லை. கால் சுற்று ஒரு கோடி மீட்டர் என்று வைத்துத்தான் மீட்டரே பிறந்தது.

ஊசல் வழியை நம் வகுப்பிலேயே சோதிக்கலாம். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை 99 செ.மீ. இருக்குமாறு தொங்கவிடுங்கள். சிறிய கோணத்தில் ஆடவிட்டால், ஒரு நிமிடத்தில் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக ஏறக்குறைய 60 முறை செல்லும். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் எண்ணுவார்கள். ஒன்பதாம் வகுப்பினர் காரணம் கேட்பார்கள்.

வோழிரார் வீதி, எண் 36

குறுகிய தெருக்கள் வழியாக ஒரு கிலோமீட்டர் தெற்கே நடந்தால் வோழிரார் வீதி. எதிரே செனட் சபை இயங்கும் லுக்சம்பர்க் அரண்மனை. 36ஆம் எண் கட்டடத்தின் வளைவுகளுக்கு அடியில், நடைபாதையை ஒட்டிய சுவரில் இன்னொரு பளிங்கு மீட்டர். 1796 பிப்ரவரிக்கும் 1797 டிசம்பருக்கும் இடையே பாரிஸில் மக்கள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் இப்படி 16 மீட்டர்கள் வைக்கப்பட்டன. எஞ்சியவை இரண்டே. முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான்.

உடன் வந்த ஆசிரியை கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். “சார், ஒரு முனையைப் பிடிங்க” என்றார். வைத்துப் பார்த்தோம். மீட்டர் மீட்டராகவே இருந்தது. “ஊர்ல இருபது ரூபாய்க்கு வாங்கின டேப் சார். இருநூறு வருஷக் கல்லோடு அப்படியே ஒத்துப்போகுதே” என்றார். “அதுக்குத்தானே டீச்சர் இதை இங்கே வெச்சாங்க” என்றேன். அந்தப் பக்கம் போன ஒரு முதியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

புதிய சட்டம் வந்ததும் அரசு நினைத்திருந்தால் மீட்டரை ஓர் அலுவலகப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கலாம். பிளாட்டினத்தால் செய்த மூல மீட்டர் 1799இல் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே தெருச் சுவருக்கு மீட்டர் வந்துவிட்டது. துணி வாங்கிய பெண் கடைக்காரர் அளந்ததைத் தானே சுவரில் வைத்துப் பார்க்கலாம். தச்சர் தன் கோலைச் சரிபார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நம் பழைய கோயில்கள் சிலவற்றின் சுவர்களில் நிலம் அளந்த கோல்களின் நீளம் செதுக்கப்பட்டிருப்பதும் இதே தேவைக்காகத்தான். அளவு ஊரார் கண்முன் இருந்தால் அதை யாரும் தன் வசதிக்கு நீட்டவோ குறுக்கவோ முடியாது.

ஒரு நுணுக்கமான செய்தி. தெருவில் பதித்தது தற்காலிக மீட்டர். பழைய நில அளவை முடிவுகளை வைத்து 1793இல் அதை அறிவித்திருந்தார்கள். புதிய அளவை முடிந்தபின் 1799இல் வந்த இறுதி மீட்டர் அதைவிட ஏறக்குறைய 0.3 மி.மீ. குறைவு. எங்கள் தையல் டேப்பின் மீச்சிறு அளவு 1 மி.மீ. என்பதால் அந்த வேறுபாட்டை அது காட்டவில்லை. ‘மீச்சிற்றளவு’ பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கோபுரத்தின் மேல் முக்கோணங்கள்

மதியம் பூங்காவில் அமர்ந்து, வாங்கி வந்த நீண்ட ரொட்டியைச் சாப்பிட்டோம். தெருவோரம் பச்சை நிறத்தில் இருக்கும் பழைய குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பாந்தியோனுக்கு நடந்தோம். குன்றின் மேல் பெரிய கவிகை மாடத்துடன் எழுந்து நிற்கும் நினைவுக்கூடம் அது.

மீட்டருக்காகப் பூமியை அளந்த பணியில் இந்த மாடத்துக்கும் பங்கு உண்டு. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை யாரும் அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. வடக்கே டன்கர்க்கிலிருந்து தெற்கே பார்சிலோனா வரை, சுமார் ஒன்பதரைப் பாகை அளவுள்ள வில்லை அளந்து, அதிலிருந்து முழுத் தொலைவையும் கணக்கிட்டார்கள். வடபகுதி தெலாம்பர் பொறுப்பு; தென்பகுதி மெஷைன் பொறுப்பு. 1792இல் புறப்பட்டவர்கள் 1798இல்தான் முடித்தார்கள்.

முறை நாம் கற்பிக்கும் ‘கோ-ப-கோ’தான். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் தீர்மானமாகிவிடும். தரையில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை மிகக் கவனமாக அளப்பார்கள். பிறகு தேவாலயக் கோபுரங்கள், கோட்டைகள், மலையுச்சிகள் ஆகியவற்றில் ஏறிக் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே போவார்கள். முக்கோணத்தின் தோளில் முக்கோணமாக அந்தச் சங்கிலி நாடு முழுவதும் நீளும். பாரிஸில் தெலாம்பர் ஏறிய உயரம் இந்தப் பாந்தியோன் மாடம்.

புரட்சியும் போரும் நடந்த காலம். கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியால் பார்ப்பவரை ஊர் மக்கள் ஒற்றர் என்று நினைத்தார்கள். தெலாம்பர் தடுத்து வைக்கப்பட்டார். மெஷைன் ஸ்பெயினில் விபத்தில் படுகாயமடைந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே சிக்கிக்கொண்டார். பார்சிலோனாவில் அவர் எடுத்த இருவகை அட்சரேகை அளவீடுகள் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு ஏறக்குறைய 3 விகலை; அதாவது ஒரு பாகையில் 1,200இல் ஒரு பங்கு. அதை அவர் யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் புழுங்கினார். 1804இல் அவர் இறந்தபின் குறிப்பேடுகளைப் பார்த்த தெலாம்பருக்குத்தான் அது தெரிந்தது. இத்தகைய அளவீட்டு வேறுபாடுகளை நேர்மையாகக் கையாளும் கணித முறை அதற்கடுத்த ஆண்டிலேயே வெளிவந்தது. 1805இல் லெஜாந்தர் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டபோது, எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது இதே தீர்க்கக்கோட்டு அளவீடுகளைத்தான். நம் ஆய்வகத்தில் ‘எதிர்பார்த்த விடை’ வரும்படி அளவீட்டைத் திருத்தி எழுதும் மாணவரிடம் மெஷைனின் கதையைச் சொல்லலாம். அவருடைய வேறுபாடு மறைக்க வேண்டிய குற்றமாக இருக்கவில்லை. ஆராய வேண்டிய தகவலாக இருந்தது.

இதே முக்கோண முறை சில ஆண்டுகளில் நம் மண்ணுக்கும் வந்தது. 1802 ஏப்ரலில் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். அதன் நோக்கங்களில் ஒன்று, பூமியின் வடிவத்தை அறியத் தீர்க்கக்கோட்டு வில்லை அளப்பது. அவருக்காக வந்த பெரிய கோணமானியைக் கடலில் பிரெஞ்சுக் கப்பல் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுபோனது. பிறகு அறிவியல் கருவி என்று மதித்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தது. 1808இல் அதே கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. பாரிஸில் பாந்தியோன் மாடம் செய்த வேலைக்குத் தஞ்சையில் லாம்டன் தேர்ந்தெடுத்த உயரம் ராஜராஜன் கட்டிய விமானம்.

ஆடும் குண்டும் காலிப் பேழையும்

பாந்தியோனுக்குள் நுழைந்ததும் கண் மேலே போகிறது. 67 மீட்டர் நீளக் கம்பியில் ஓர் உலோகக் குண்டு அமைதியாக ஆடுகிறது. 1851இல் ஃபூக்கோ இங்கே 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதைப் பொதுமக்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார். ஊசலின் ஆடுதளம் மணிக்கு 15° × சைன் (அட்சரேகை) என்ற அளவில் திரும்புகிறது. பாரிஸில் அது மணிக்குச் சுமார் 11.3°, முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். சென்னையில் மணிக்குச் சுமார் 3.4° மட்டுமே, முழுச் சுற்றுக்கு நான்கு நாளுக்கு மேலாகும். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. பத்தாம் வகுப்பில் சைன் மதிப்புகளைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊருக்கான விடையைத் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

கீழே நிலவறைகளில் நினைவிடங்கள். மீட்டர் குழுவின் ஐவரில் லக்ராஞ்ச், மோன்ஜ், கொந்தோர்சே ஆகிய மூவருக்கு இங்கே இடம் உண்டு. கொந்தோர்சேயின் பேழை காலியானது. கணிதவியலாளரான அவர், 1792இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்ற விரிவான திட்டத்தைச் சட்டமன்றத்தின் முன் வைத்தார். 1790இலேயே பெண்களுக்குக் குடியுரிமை கேட்டு எழுதினார். புரட்சியின் கடுமையான கட்டத்தில் தேடப்படும் ஆளாகி, 1794இல் சிறையில் இறந்தார். அவருடைய உடல் எச்சங்கள் பிற்காலத்தில் கிடைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், அளவைப் பணிகளில் பங்காற்றிய வேதியியலாளர் லவாய்சியர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். வரி வசூல் நிறுவனத்தில் அவர் பங்குதாரராக இருந்ததே அதற்குக் காரணமாயிற்று. எல்லாருக்குமான அளவு உருவான அதே ஆண்டுகளில்தான் இவையும் நடந்தன. மாணவர்களுக்கு மீட்டரின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை.

கொந்தோர்சேயின் காலிப் பேழை இருக்கும் அதே நிலவறையில் மேரி கியூரியும் உறங்குகிறார். தன் சொந்தச் சாதனைக்காக இங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். ஆண்டு 1995.

ஒளி அளந்த வீடு

மீண்டும் பூங்காவுக்கு வந்து, அதிலிருந்து நேர் தெற்கே செல்லும் அகன்ற வீதியில் நடந்தால் அதன் முடிவில் பாரிஸ் வானாய்வகம். 1667இல் நிறுவப்பட்டது, கிரீன்விச் வானாய்வகத்தைவிட எட்டு ஆண்டு மூத்தது. நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். காலையில் லூவர் முற்றத்தில் மிதித்த தீர்க்கக் கோடு இந்தக் கட்டடத்தின் நடுவே செல்கிறது. தகட்டில் பெயர் உள்ள அராகோ, அந்த அளவையைப் பலேரிக் தீவுகள் வரை நீட்டியவர். பின்னாளில் இந்த வானாய்வகத்தின் தலைவர். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அந்தத் துறையின் அமைச்சராக இருந்தவரும் அவரே.

இங்கே பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் ரோமர், 1676இல் வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்களைக் கவனித்தார். பூமி வியாழனைவிட்டு விலகிச் செல்லும்போது கிரகணங்கள் தாமதமாகவும், நெருங்கும்போது முன்னதாகவும் நிகழ்ந்தன. ஒளி பரவ நேரம் எடுக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று.

அந்த ஒளிதான் இன்று மீட்டரைத் தீர்மானிக்கிறது. பூமியை வைத்து அளந்த மீட்டர், அளவீடுகள் நுட்பமானபின், நோக்கத்தைவிட ஏறக்குறைய 0.2 மி.மீ. குறைவு என்று தெரிந்தது. 1875 மே 20இல் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்த நாளைத்தான் உலக அளவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1889இல் பிளாட்டினம்-இரிடியம் தண்டு படித்தரமானது. 1960இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளம் அந்த இடத்துக்கு வந்தது. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே ஒரு மீட்டர். பூட்டி வைக்கும் தண்டு இப்போது தேவையில்லை. தகுந்த கருவி உள்ள எந்த நாட்டு ஆய்வகமும் மீட்டரைத் தானே உருவாக்கிச் சரிபார்க்கலாம்.

இரும்பில் 72 பெயர்கள்

கடைசியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து ஈஃபிள் கோபுரத்தை அடைந்தோம். 1889இல் கட்டப்பட்டது, இன்றைய உயரம் 330 மீட்டர். முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் பக்கத்துக்கு 18 என 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களைப் பொறித்திருக்கிறார் ஈஃபிள். நாள் முழுவதும் கேட்ட பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன: போர்தா, லக்ராஞ்ச், லப்லாஸ், மோன்ஜ், தெலாம்பர், லவாய்சியர், அராகோ, ஃபூக்கோ.

“இதுல பெண்கள் பெயர் எது சார்?” என்று ஆசிரியை கேட்டார். எதுவும் இல்லை. சோஃபி ஜெர்மேன் என்ற கணிதவியலாளர் பாரிஸில் வாழ்ந்தவர். பெண் என்பதால் உயர்கல்வி நிறுவனத்தில் சேர முடியாமல், ஓர் ஆணின் பெயரில் பாடக்குறிப்புகளைப் பெற்றுப் படித்தார். தகடுகளின் மீள்தன்மை பற்றிய ஆய்வுக்காக 1816இல் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். உலோகக் கட்டுமானங்களுக்கு மிகத் தேவையான துறை அது. ஆனாலும் இரும்புக் கோபுரத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ‘எல்லாருக்கும்’ என்று சொல்லி உருவாக்கிய அளவையின் ஊரிலேயே, அந்த ‘எல்லாரில்’ பாதிப்பேர் நெடுங்காலம் கணக்கில் வரவில்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

பத்தின் அடுக்குகளில் அமைந்த இந்த முறைக்குப் பிரான்சே உடனே பழகிவிடவில்லை. 1812இல் நெப்போலியன் பழைய அளவுகளின் பெயர்களை மீண்டும் அனுமதித்தார். 1840 ஜனவரி முதல்தான் மெட்ரிக் முறை அங்கே உறுதியாகக் கட்டாயமானது. நம் நாட்டில் 1956இல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. இன்றும் வீட்டுப் பெரியவர்கள் ‘எட்டணா’ என்றும், பூ விற்பவர் ‘முழம்’ என்றும் சொல்வதைக் குழந்தைகள் கேட்கிறார்கள். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

தொடக்க வகுப்பில் ஒரு சிறிய நாடகம் போதும். பெரியதும் சிறியதுமாக இரண்டு டம்ளர்கள், ஒரு குவியல் மணல். ‘பண்ணையார்’ சிறிய டம்ளரால் பத்து அளந்து கடன் கொடுப்பார். பெரிய டம்ளரால் பத்து அளந்து திரும்ப வாங்குவார். பத்துக்குப் பத்து சரிதானே என்பார். எங்கே ஏமாற்று என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். ‘இதைத் தடுக்க என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் பொது அளவு வேண்டும் என்ற விடை அவர்களிடமிருந்தே வரும்.

உயர் வகுப்புகளில் மைதானத்தில் 10 மீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்து, இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மரத்தை நோக்கிக் கோணமானியால் கோணம் எடுத்து, அளவுத்திட்டப்படி வரைந்து தொலைவைக் கணக்கிடச் சொல்லலாம். பிறகு டேப்பால் நேரடியாக அளந்து ஒப்பிடலாம். வேறுபாடு வந்தால் அதை அழிக்காமல் அப்படியே குறிப்பேட்டில் எழுதி, ஏன் வந்தது என்று பேசட்டும்.

கடைகளில் எடைக்கல்லிலும் தராசிலும் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க மாணவர்களைப் பழக்கலாம். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்ல நுகர்வோருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லலாம். அளவை முறையின் பயன் அலகு மாற்றக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. யார் அளந்தாலும் நாமும் அளந்து பார்க்கலாம் என்பதே அதன் உயிர்.

ஊர் திரும்பியதும் எங்கள் பள்ளி வாசலுக்கு உள்ளே, பெற்றோர் வந்து நிற்கும் இடத்தில், சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு வரைந்தோம். எட்டாம் வகுப்பு மாணவிகள் அதைப் பத்துப் பாகமாகப் பிரித்து, கடைசிப் பாகத்தில் சென்டிமீட்டர்களைக் குறித்து வண்ணம் தீட்டினார்கள். பெயின்ட்டுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்குள். முதல் வாரத்திலேயே பூக்கூடையோடு வந்த ஒரு தாய், தன் முழத்தை அதில் வைத்துப் பார்த்தார். அவர் மகள் பக்கத்தில் நின்று எத்தனை சென்டிமீட்டர் என்று வாசித்துச் சொன்னாள்.